எல்லாரும் நல்லதென்று எழுதிய படம்

நிலூஜாவின் கொம்பனியில் முதலாளி, எழுதுவினைஞர், தேத்தண்ணி போடுகிறவர் எல்லாம் நிலூஜாவே. ஒஸ்லோ ஹவுகெட்டோவில் மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். சாப்பாட்டு நேரம் வந்தால் வரைபடங்களைச் சுருட்டிக் கதிரையில் சாய்த்துவிட்டுக் கோப்பையை வைப்பாள்.

அவள் நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். நகரத் திட்டமிடல் படித்து, ஒஸ்லோவில் பெரிய கொம்பனி ஒன்றில் பதினொரு வருடம் இருந்தாள். பிறகு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். “நான் கீறின இடங்களிலை ஒருநாளும் போய் நிண்டு பாக்கேல்லை அம்மா” என்றாள். அம்மா ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. மழையங்கியைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிற வருகிறவர்களை எண்ணத்தானா இவ்வளவு படிப்பு என்று சொந்தக்காரர் கேட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பார்க்கிறவர்களுக்கு அவளுடைய வேலை அப்படித்தான் தெரியும்.

தனியாகத் தொடங்கி இரண்டாம் வருடம் எல்லிங்ஸ்ருட் வேலை கிடைத்தது. அங்கே எட்டுக் கடைகள் கொண்ட பழைய தொகுதி ஒன்று படுத்துக் கிடந்தது. இரண்டு கடைகள் பூட்டியாயிற்று. இடத்துக்கு உயிர் வர என்ன செய்யலாம் என்று பகுதி நிர்வாகம் அவளைக் கேட்டது. கடைகளின் பின்புறத்துத் தார் முற்றத்தைப் பார்த்ததும் நிலூஜாவுக்கு ஆசை பிடித்துவிட்டது. வாகனங்கள் வராமல் மறித்துவிட்டு அங்கே விளையாட்டிடமும் உட்கார வாங்குகளும் போட்டால் தாய்மார் வருவார்கள், தாய்மார் வந்தால் கோப்பிக்கடை வரும், பூட்டின கதவுகள் திறக்கும். ஆசையாகவே படத்தைக் கீறினாள்.

கீறிய படத்தைத் தொகுதியில் தொங்கவிட்டு, கடைக்காரர், குடியிருப்பவர் எல்லாரிடமும் கருத்துக் கேட்டாள். பாதிக்கு மேல் தமிழ்ச் சனம். முப்பத்தெட்டுப் படிவம் தமிழில் வந்தது. முப்பத்தெட்டிலும் ‘நல்லது’, ‘மிக நல்லது’. ஒருவர் வாழ்த்துப்பாவே எழுதியிருந்தார். நிலூஜா மகிழ்ந்துபோய் அறிக்கையை அனுப்பினாள். மூன்று கிழமையில் நிர்வாகம் முடிவெடுக்கும்.

அந்தச் சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்க அதே தொகுதியில் உள்ள புஷ்பமலரின் கடைக்குப் போனாள். இருபத்திரண்டு வருடக் கடை. மீன் பெட்டி பாதி வெறுமையாகக் கிடந்தது. அரிசி அடுக்கும் இடத்தில் நாலே மூட்டை.

“என்ன அன்ரி, சாமான் வரேல்லையே?”

“குறைச்சுக்கொண்டு வாறன் பிள்ளை. வருசம் முடியக் கடையை விட்டிடுவம்.”

“ஏன்?”

“பின்னாலை லொறி வரேலாதெண்டால் என்ன செய்யிறது? விடிய ஆறு மணிக்கு அது அங்கைதான் வந்து நிக்கும். முன்பக்கம் முழுக்கப் படி.”

நிலூஜா முற்றத்தில் ஆட்களை எண்ணியது காலை ஒன்பது மணியிலிருந்து. ஆறு மணி லொறியை அவள் கண்டதே இல்லை.

“அன்ரி, நீங்கள் படிவத்திலை மிக நல்லது எண்டெல்லோ எழுதினீங்கள்!”

“எங்கட பிள்ளை கீறின படம். வெள்ளையளுக்கு முன்னாலை அதைப் பிழை எண்டு எழுதிறதே? உம்மட பேரெல்லே கெட்டுப்போம்” என்று சொல்லி, புஷ்பமலர் காசு வாங்காமல் இரண்டு மாங்காயையும் பைக்குள் போட்டாள்.

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நிலூஜா அழுதாள். தன் பெயரைக் காப்பாற்ற ஒரு மனுசி கடையையே விட்டுக்கொடுக்கிறாள், அதையும் வாய் திறந்து சொல்லாமல்! கோபம் வந்தது. கோபத்தை விட அன்பு கூட வந்தது. எங்கள் சனத்தை அவளுக்குத் தெரியாதா? முகத்துக்கு முன்னால் குறை சொல்ல வாய் வராது. ஆள் இல்லாத இடத்தில் கேட்டால் ஆணி வரைக்கும் பிடுங்கிக் காட்டுவார்கள். தெரிந்திருந்தும் படிவங்களை நம்பியது அவள் பிழை.

முடிவெடுக்க முதல் தொகுதிச் சனத்தோடு ஒரு கூட்டம் வேண்டுமென்று பகுதி நிர்வாகத்து எம்மாவிடம் கேட்டு வாங்கினாள். கூட்டத்தில் அதே படத்தைத் தொங்கவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வேலையைத் தனதில்லை என்றாள்.

“இந்தப் பின்பக்கம் நான் கீறினதில்லை. ஒரு கொம்பனி கீறிப்போட்டு என்னட்டைத் தந்தது. என்ன நினைக்கிறியள்?”

 பஸ் ஓட்டுநர் சூசைரட்ணம் எழும்பினார்.

“உதை முந்தியே சொல்லியிருக்கலாமே, பிள்ளை!”

அவ்வளவுதான். மாரியில் பனி தள்ளுகிற வண்டி பனியைக் குவிப்பதே அந்த மூலையில்தான், ஊஞ்சலை அதற்குள் புதைக்கப் போகிறார்களா என்று அவர் கேட்டார். மருந்துக்கடைக்குச் சாமான் கொண்டுவருகிற வண்டி எந்தப் பக்கத்தால் வரும் என்றார் இன்னொருவர். கடைசியில் புஷ்பமலர் எழும்பி நின்றாள்.

“உதைக் கீறினவை ஒரு அரிசி மூட்டை தூக்கிப் பாத்திருக்க மாட்டினம்.”

நிலூஜாவின் பேனா நின்றது. அவளுடைய அப்பா முதுகு போகும் வரைக்கும் மீன் பெட்டி தூக்கியவர்.

“அந்தக் கொம்பனி நான்தான், அன்ரி” என்றாள். “பொய் சொன்னதுக்கு மன்னியுங்கோ. வேறை வழி தெரியேல்லை.”

 சூசைரட்ணம் அவசரமாக, “எண்டாலும் படம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை” என்று தொடங்கினார்.

“அங்கிள், ஒரு சொல்லும் திருப்பி எடுக்கக்கூடாது. எல்லாம் எழுதிப்போட்டன்.”

முதலில் சிரித்தது புஷ்பமலர். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

புதிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, முந்தியதில் இருந்த பிழை தன்னுடையது என்று நிலூஜா எழுதாமல் விடவில்லை, காரணத்தையும் எழுதினாள். இனி வேலை தருவார்களா என்ற பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. காலை ஒன்பது மணி வரைக்கும் முற்றம் லொறிக்கு, அதன் பிறகு பிள்ளைகளுக்கு. பனிக்குவியலுக்கும் தனி மூலை கிடைத்தது.

அடுத்த வைகாசியில் வேலை முடிந்து, நிலூஜா முற்றத்தைப் பார்க்கப் போனாள். அரிசி மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்த கடையிலிருந்து புஷ்பமலர் வெளியே வந்தாள். இடுப்பில் கைவைத்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நிலூஜாவின் முகத்தை நேரே பார்த்தாள்.

“அந்த வாங்கு பிழையான இடத்திலை கிடக்கு பிள்ளை. பின்னேரம் வெயில் படாது.”

நிலூஜா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேருமாக வாங்கின் இரு முனையையும் பிடித்து வெயிலுக்கு நகர்த்தினார்கள்.