சம்பந்தியின் தொலைபேசி எண்

என் மனைவியின் செல்போன் எண் எனக்கு மனப்பாடம் கிடையாது. என் எண்ணையே யாராவது கேட்டால் சட்டைப்பையில் இருக்கும் சீட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் திண்டிவனத்துச் சம்பந்தியின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பெண்ணைக் கொடுத்த வீடு. பொங்கல், ஆடி, தீபாவளி, எந்த நாளானாலும் காலையில் அவருக்குப் போகும் முதல் போன் விழுப்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். பேரனுக்குச் சளி குறைந்ததா என்று கேட்பதானாலும் முதலில் அவரைக் கூப்பிட்டு, அவருடைய முழங்கால் வலியை விசாரித்து, அதற்குப் பிறகுதான் என் மகளிடம் பேச முடியும். அந்த எண் மனப்பாடமாக இருந்ததால்தான் இத்தனை வம்பும் வந்தது.

நான் அரசுத் துறை ஒன்றின் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். சிமென்ட் மூட்டை, குழாய், நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது வேலை. வேலை போய்விட்டது, எண்ணுவது போகவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணிவிட்டுத்தான் கை வைப்பேன். இப்படிப்பட்டவன் கிரெடிட் கார்டில் மாட்டினான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே அதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வருஷத்துக்கு ஒரு தடவை வங்கிக்குப் போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாள், வரிசையில் நின்ற பன்னிரண்டு பென்ஷன்காரர்களில் என்னை மட்டும் ஒரு பெண் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சார், உங்களுக்கு ஒரு கார்டு வந்திருக்கு. லைஃப் டைம் ஃப்ரீ."

"யாரோட லைஃப் டைம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதமே பேரனுக்குக் காது குத்தினார்கள். எங்களுக்குப் பையன் கிடையாது. தாய்மாமன் செய்ய வேண்டிய சீரையும் தாத்தாவே செய்தாக வேண்டும். என் மனைவி இருபத்தொரு தட்டு என்றாள். பக்கத்து வீட்டில் முப்பத்தொன்று வைத்ததாக நினைவு வந்ததும் முப்பத்தொன்று என்றாள். தட்டுகளுக்குப் பின்னால் ஒரு வாஷிங் மெஷினும் போயிற்று. எல்லாம் கார்டில்.

பில் வந்தது. அதில் இரண்டு தொகைகள் இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியதற்குப் பக்கத்தில் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது என்று போட்டிருந்தது. பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்து, இப்போதைக்கு இது போதும் என்று சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மாதம் தவறாமல், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே, அந்தச் சின்னத் தொகையைக் கட்டினேன். வங்கியும் என் ஒழுங்கைப் பாராட்டி, இன்னும் அதிகமாகச் செலவு செய்யலாம் என்று செய்தி அனுப்பியது. அதை என் மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். அதற்குள் இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல், இரண்டு ஆடி வந்து போயின.

ஒரு மாதம் அந்தச் சின்னத் தொகைக்கே பணம் இல்லாமல் போயிற்று. செல்போனில் கடன் கொடுக்கும் ஆப் ஒன்று கண்ணில் பட்டது. பத்தாயிரம் கேட்டேன். ஏழாயிரத்துச் சில்லறை வந்தது. ஏழு நாளில் பத்தாயிரமாகத் திருப்ப வேண்டுமாம். பத்து மூட்டைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏழு மூட்டை இறக்கியிருந்தால் அந்த லாரியைக் கிடங்கு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். இதில் லாரியும் இல்லை, வாசலும் இல்லை. முதல் ஆப்பை அடைக்க இரண்டாவது, இரண்டாவதை அடைக்க மூன்றாவது என்று போயிற்று.

மூன்றாவது ஆப் எனக்குத் தெரிந்தவர் ஒருவருடைய எண்ணைக் கேட்டது. வளவனூரில் இருக்கும் மச்சினன் எண்ணைத் தேடியெடுத்துப் போட்டேன். அந்த எண் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவனுக்கு அங்கே ஏற்கெனவே என்ன பெயரோ. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கை தானாகச் சம்பந்தியின் பத்து இலக்கங்களையும் அடித்துவிட்டது. இவர் உங்களுக்கு என்ன உறவு என்று அடுத்த கேள்வி. அப்பா, அம்மா, மனைவி, சகோதரர், நண்பர் என்று ஐந்துதான் இருந்தன. சம்பந்தி இல்லை. நண்பர் என்பதைத் தொட்டேன்.

நாற்பது நாள் கழித்து ஒரு பையன் பேசினான். மரியாதையான குரல்.

"சார், ரெண்டு தவணை நிக்குது. நாளைக்குப் பத்து மணிக்குள்ள கட்டலன்னா உங்க ஃப்ரெண்டுக்குப் போன் போவும் சார்."

"எந்த ஃப்ரெண்டு?"

"திண்டிவனம் சார்."

கடன் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, அதை எப்படியாவது கட்டிக்கொள்ளலாம். பெண்ணைப் பெற்றவன் ஏழு நாள் கடன் வாங்கித் திரிகிறான் என்று சம்பந்திக்குத் தெரிந்தால், நாளைக்கு அந்த வீட்டில் என் மகள் குழம்பில் உப்புக் குறைந்தது என்றுகூட வாயைத் திறக்க முடியாது. அதுதான் என் பயம்.

மறுநாள் காலை முதல் பாசஞ்சரைப் பிடித்துத் திண்டிவனம் போய் இறங்கினேன். சம்பந்தியின் போனுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க இருந்துவிடுவது என்று திட்டம். கதவைத் திறந்த மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாப்பா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? அம்மா நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குது."

"பின்ன உனக்கு இன்னாத்துக்கு இப்பிடி வேர்த்து ஊத்துது?"

சம்பந்தி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். மண்டியை வேறொருவருக்கு விற்று நாலு வருஷம் ஆகிறது, மனைவியும் தவறிவிட்டார். ஆனாலும் தினமும் பதினோரு மணிக்கு மண்டிக்குப் போன் போட்டு மூட்டை என்ன விலை என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன் எப்போதும் கையில்தான். அதை அணைக்க வைக்க ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது.

"சம்பந்தி, திருவக்கரைல ஒரு வேண்டுதல். ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாங்களா?"

"இன்னிக்குப் பௌர்ணமிகூட இல்லீங்களே. இன்னா திடீர்னு?"

"கூட்டம் இருக்காதுங்க."

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு போனேன். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோயில் வாசலை அடைந்தோம். உள்ளே போன் கூடாது என்று நானே சொல்லி அணைக்க வைத்தேன். வக்கிரகாளியம்மனை ஒருமுறை கும்பிட்டு, மறுபடி கும்பிட்டு, பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது சுற்றில் சம்பந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எவ்ளோ வேண்டிக்கினீங்க சம்பந்தி? அம்மாவே போதும்னு சொல்லிடுவா போலருக்கே."

வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மரமாக இருந்து கல்லாகிப் போனவை வரிசையாகப் படுத்துக்கிடந்தன. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் போனை எடுத்து ஆன் செய்தார்.

"பதினொன்னு ஆவுது. வெல கேக்கணும்."

"வெல எங்கங்க ஓடிடப்போவுது? அப்பறமா..."

நான் சொல்லி முடிப்பதற்குள் அது அடித்தது.

"எடுக்காதீங்க சம்பந்தி! பரிசு விழுந்துதுன்னு ஏமாத்துறானுங்க."

"எடுத்தாத்தானங்க தெரியும்." எடுத்துவிட்டார். "அலோ... ஆமா, நான்தான்... ஆமா, தெரியும்... எவ்ளோ?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கல்மரங்களை எண்ண ஆரம்பித்தேன். ஏழுக்கு மேல் எண்ணிக்கை போகவில்லை.

"சரி தம்பி, நீ எந்த ஊரு?... கள்ளக்குறிச்சியா? கள்ளக்குறிச்சில எங்க?... அப்பா இன்னா பண்றாரு?... அங்க இந்த வருஷம் மல்லாட்ட எப்பிடி?... அடப்பாவமே, மழைல போச்சா?... நீ காலைல சாப்ட்டியா?... சம்பளம் எவ்ளோ தர்றாங்க?... அவ்ளோதானா? இதுக்கா ஊரான் ஊரானுக்கெல்லாம் போன் பண்ணிக்கினு பேச்சு வாங்கிக்கினு கெடக்குற?"

அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் அவர் போனைக் காதிலிருந்து எடுத்து வருத்தமாகப் பார்த்தார்.

"வெச்சிட்டான். இன்னும் நெறைய பேருக்குப் பேசணுமாம்."

நான் கல்மரங்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். அவரே ஆரம்பித்தார்.

"சம்பந்தி, நான் உங்க ஃப்ரெண்டாமே?"

"அதுல சம்பந்தின்னு போடறதுக்கு எடம் இல்லீங்க."

"ஏழு வருஷத்துல நேர்ல ஒரு வாட்டி அப்பிடிச் சொன்னதில்ல. எவனோ ஆப் வெச்சிருக்கறவன்கிட்ட போய்ச் சொல்லிக்கினு இருக்கீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொத்தம் எவ்ளோங்க?"

பந்தி இலையை எண்ணுகிறவன் இதை மட்டும் கூட்டிப் பார்க்கவே இல்லை. அங்கேயே விரலை மடக்கி, கார்டு, முதல் ஆப், அடுத்தது என்று கூட்டினேன். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். சொச்சம் என்று என் சர்வீஸில் ஒரு நாளும் எழுதியதில்லை.

"நான் தர்றேங்க," என்றார்.

"ஐயய்யோ, அது மட்டும் வேணாங்க."

"அப்ப சீர நிறுத்துங்க. இந்தக் கடன் தீர்ற வரைக்கும் உங்க வூட்லேர்ந்து ஒரு வாழப்பழம் வரக்கூடாது."

"ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"ஊரா வந்து பில்லு கட்டுது? சம்பந்தியம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இன்னிக்கே சொல்லிடுங்க. இல்லன்னா அந்தக் கள்ளக்குறிச்சிப் பையனையே சொல்லச் சொல்லுவேன்."

சொன்னேன். மூன்று லட்சத்தைக் கேட்டு என் மனைவி அசையவில்லை. சம்பந்தியின் எண்ணைக் கொடுத்தேன் என்றதும்தான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏங்க, என் தம்பி நம்பரு இல்லியா உங்களுக்கு?"

"போட்டேன். வேணாம்னுடுச்சு."

அதற்குமேல் அவள் தம்பியைப் பற்றிப் பேச்சு எழவில்லை. கழுத்திலிருந்த இரட்டை வடச் சங்கிலியையும் இரண்டு வளையல்களையும் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்தாள். மறுநாள் கூட்டுறவு வங்கியில் வைத்தோம். தங்கம் விலை ஏறியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்கு உபயோகப்பட்டது. கார்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்கு வாங்கிய வட்டியை நகைக்கடனில் நாலு மாதத்துக்கு வாங்குகிறார்கள். இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டிருக்கலாம். அதையும் அவளேதான் வங்கிப் படியில் இறங்கும்போது சொன்னாள்.

ஆப் மூன்றையும் அன்றே அடைத்தேன். கள்ளக்குறிச்சிப் பையன் கூப்பிட்டான்.

"தேங்க்ஸ் சார். ஒரு சின்ன ஹெல்ப்பு. உங்க ஃப்ரெண்டு நேத்துலேர்ந்து எனக்கு நாலஞ்சு வாட்டி போன் பண்ணிட்டாரு சார். இந்த வேலய வுட்டுட்டு அவரோட பழைய மண்டில கணக்கு எழுத வந்துடுன்னு ஒரே பேஜாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க சார்."

"கட்டி முடிச்சாச்சுல்ல? இனிமே நீயாச்சு, அவராச்சு," என்றேன்.

பிறகு கார்டு. வங்கியில் அதே பெண் இருந்தாள். மொத்தத்தையும் கட்டியதும் அவள் முகம் மலர்ந்தது.

"சார், உங்களுக்கு லிமிட்ட டபுள் பண்ணித் தர்றோம்."

என் மனைவி முந்திக்கொண்டாள். "டபுளு இருக்கட்டும்மா. இத மூடறதுக்கு எங்க கையெழுத்து வெக்கணும்?"

மூடிவிட்டு வந்தோம். பென்ஷனில் ஒரு பங்கு நகைக்கடனுக்கு என்று ஆயிற்று. மிச்சத்தில் குடும்பம் நடத்தலாம், சீர் செய்ய முடியாது. ஆடிக்கு வயிற்று வலி என்று போகாமல் இருந்தேன். தீபாவளிக்கு எந்த வலியும் செல்லாது. பேரன் காத்திருப்பான்.

முந்தின நாள் என் மனைவி ஒரு பையில் முறுக்கும் வேட்டியும் எடுத்து வைத்தாள். நான் வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தாள். சம்பந்தி சொன்னதை ஞாபகப்படுத்தியதும், "அவரு ஆம்பள, அப்பிடித்தான் சொல்லுவாரு. அங்க எதுரு வூட்ல ஒருத்தி இருக்காளே, ஒவ்வொரு வருஷமும் தட்ட எண்ணுவா, அவளுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?" என்றாள். ஆனால் காலையில் கிளம்பும்போது பையை அவளே உள்ளே வைத்துப் பூட்டினாள். காய்ச்சல் என்று சொல்லி அவள் வரவில்லை. காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வைக்கவில்லை, தட்டுகள் இல்லாததால் தேவைப்படவில்லை. கைகளை முன்னால் கட்டினால் யாசகம் கேட்கிறவன் மாதிரி இருந்தது, பின்னால் கட்டினால் இன்ஸ்பெக்ஷனுக்குப் போகிறவன் மாதிரி இருந்தது. வீசிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி கோலத்தில் இருந்து தலையை நிமிர்த்தினார். என் கையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஆட்டோ வருகிறதா என்று தெருமுனை வரை பார்த்தார்.

சம்பந்தி என்னை நேராகச் சாப்பிட உட்கார வைத்தார். இட்லியும் கறிக்குழம்பும். மகள் இலையில் நாலு இட்லி வைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குரல் கேட்டது.

"இன்னாம்மா, இந்த வருஷம் உங்க அப்பா ஒன்னும் கொண்டாரலியா?"

மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். குரலைத் தாழ்த்துவாள் என்று நினைத்தேன். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"கொண்டாரலக்கா. எங்கப்பா கடன அடச்சிக்கினு இருக்காரு. கிரெடிட் கார்டு. மொத்தமா கட்டி மூடிட்டாரு."

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்த சம்பந்தி என் முகத்தைப் பார்க்காமல் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அப்புறம் எதிர்வீட்டுப் பெண்மணியின் குரல் இறங்கி வந்தது.

"மூட முடியுமா அத? எங்க வூட்டுக்காரரும் மாசா மாசம் கொஞ்சங்கொஞ்சமா கட்டிக்கினேதான் இருக்காரு, கொறஞ்சபாடு இல்ல. உங்க அப்பா சாப்ட்டதும் ஒரு நிமிசம் வந்து அந்தப் பில்லப் பாக்கச் சொல்றியா?"

"சாப்ட்டு வருவாருக்கா," என்றாள் மகள்.

நான் இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிக்கொண்டேன்.