நடராசா ராவிய நம்பர்

மயிலிட்டியில் பிறந்தும் நடராசாவுக்குக் கடல் ஒத்துவராது. வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பார். தகப்பன் தலையில் அடித்துக்கொண்டு ஒரு வள்ளத்தை விற்று, பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தில் ஊரில் வேறு கார் இல்லாதது பெருமையா வெட்கமா என்று நடராசாவுக்கு விளங்கவில்லை. வாடகைக்குக் கார் ஓடினார். குணலட்சுமியைத் தாலி கட்டிக் கூட்டி வந்ததும் அதில்தான்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் இடம்பெயர்ந்தபோது மனைவியையும் காரையும் கொண்டுவந்தார். காரின் பதிவுப் புத்தகம் அலுமாரிக்குள் கிடந்துவிட்டது. அலுமாரி வீட்டோடு போய்விட்டது. மானிப்பாயில் வாடகை வீடு. புத்தகம் இல்லாத கார் சோதனைச் சாவடியில் திருட்டுக் கார்தான். ஆகவே செத்துப்போன இன்னொரு மொறிஸின் புத்தகத்தை வாங்கினார். காருக்குப் புத்தகம் எடுக்க முடியாத காலத்தில் புத்தகத்துக்குக் காரைப் பொருத்துவதுதான் வழி. காரில் பொறித்திருந்த சேஸி நம்பரை அரத்தால் ராவி, புத்தகத்திலிருந்த நம்பரை அடித்தார். புத்தகத்தில் நிறம் வெள்ளை, அதையும் அடித்தார். பொய்யான பிறகுதான் கார் சட்டப்படி உண்மையானது.

பல வருடம் கழித்து, இராணுவம் பிடித்து வைத்திருந்த மயிலிட்டிக் காணி விடுபட்டது. வீடிருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்.

“செத்தாலும் கடல் சத்தம் கேக்கிற இடத்திலை சாகவேணும்,” என்றார் குணலட்சுமி. அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. வீடு கட்டத்தான் காசில்லை.

போன வருடம் லண்டனில் இருக்கும் மகள் நிரோஜினி, பெற்றோரின் கலியாணப் படத்தை முகநூலில் போட்டாள். படத்தில் மாப்பிள்ளை, மணப்பெண், பின்னால் கத்தரிப்பூக் கார். லண்டன் ஏலங்களுக்குப் பழைய கார் தேடிக் கொடுக்கும் லெனாட் என்பவர் அதைக் கண்டு கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். அவர் பார்த்தது காரை மட்டும்தான்.

“ஐயா, பத்து லட்சம் மொறிஸ் செய்து முடிச்ச ஞாபகத்துக்கு விட்ட கார் இது. உலகத்திலை முந்நூற்றைம்பதுதான், எல்லாம் கத்தரிப்பூ நிறம். ஏலத்திலை ஐம்பது லட்சத்துக்குக் குறையாது.”

“ஏலமெண்டா, துறையிலை மீன் கூறுற மாதிரியோ?” என்று குணலட்சுமி கேட்டார்.

“ஓம் அம்மா. மீன் பழசானா விலை விழும். இது ஏறும்.”

“அப்ப இவரையும் சேர்த்துக் கூறுங்கோ தம்பி.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் காசிலை வீடு எழும்புமோ?”

“வடிவா எழும்பும்.”

லெனாட் கதவு றப்பரை உரித்துப் பார்த்தார். உள்ளே கத்தரிப்பூ. சிரித்தார். பொனற்றைத் திறந்து நம்பரைப் பார்த்தவர் சிரிக்கவில்லை.

“ஆர் ராவினது?”

“நான்தான், தம்பி.”

“மிச்சமே இல்லாமல் ராவியிருக்கிறியள். நிறத்தைத் திருப்பி எடுக்கலாம் ஐயா. அந்த முந்நூற்றைம்பதிலை இது ஒண்டெண்டு காட்டுறது நம்பர்தான், அதை எங்கை எடுக்கிறது? ஏலக்காரர் தொடமாட்டினம். இஞ்சையும் விக்கப் பாக்காதேங்கோ, பொலிஸிலை மாட்டுவியள்.”

நம்பரை ராவாமல் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடிக்க விட்டிருந்தால் அது இன்று ஒரு வீடு. காப்பாற்றியதால் கார்தான் மிஞ்சியது.

லெனாட் போனபின் குணலட்சுமி கேட்டார்: “என்னப்பா, அப்ப மயிலிட்டிக்கு?”

“பாப்பம்.”

குணலட்சுமி அடுப்படிக்குப் போனார். புது வீட்டில் பால் காய்ச்சவென்று, காணி விடுபட்ட வருடமே யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கித் தொடாமல் வைத்திருந்த பானையை எடுத்தார். கடைக்காரன் ஒட்டிய விலைத் தாளை நகத்தால் சுரண்டினார். அதில் இரண்டு பேருக்கு அரிசி களைந்து போட்டார்.