முளைக்காத பல்லுக்கு அளவு

எங்கள் வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அப்பாவுக்கு அக்கா, அடுத்த தெருவில் இருந்தாள். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்களில் அத்தை சொன்ன அளவு தப்பாது என்று பெயர். அந்தக் கைவரிசையை அவள் என் வாய்க்குள் காட்டியதுதான் வம்பாகப் போயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கீழ்வரிசையில் பால்பல் விழுந்து முளைத்த நான்கு முன்பற்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கோணலாக நின்றன. அத்தை ஒரு நூலை எடுத்தாள். எட்டாம் வகுப்பு படித்த தன் மகனை வாயைத் திறக்கச் சொல்லி, அவனுடைய கீழ்ப்பல் ஒவ்வொன்றின் அகலத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். அதே நூலை என் ஈறின் மேல் வளைத்து வைத்தாள். மிச்ச நூல் உதட்டுக்கு வெளியே தொங்கியது.

"இம்புட்டுப் பல்லுக்கு இவ வாயில இடம் ஏது? முன்னால ரெண்டைப் பிடுங்கிட்டா மத்தது ஒழுங்கா வந்துரும்."

அப்பா உடனே செலவுக்குக் காசை எடுத்துக் கொடுத்தார். மறுநாளே அத்தையும் அம்மாவும் என்னைத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற்றினார்கள். பிடுங்கினால் மறுபடி முளைக்காத பல் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் அழுதேன்.

பல் டாக்டரம்மா குறடை எடுக்கவில்லை. மாவு போல எதையோ வாயில் அப்பி அச்செடுத்தார். அந்த அச்சில் என் நான்கு முன்பற்களைக் கவராயம் போன்ற ஒன்றால் அளந்து கணக்குப் போட்டார். ஈறுக்குள் இருக்கும் பற்கள் எவ்வளவு அகலம் என்று அதை வைத்தே சொல்லிவிடலாமாம். கடைவாய்ப் பால்பற்கள் பெரியவை, அந்த இடத்தில் முளைக்கப்போகிறவை சிறியவை. மிஞ்சுகிற இடம் அடைந்துபோகாமல் உள்பக்கம் ஒரு கம்பி வைத்தால் போதும் என்றார்.

அத்தை நூலை நீட்டினாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது உங்க மகன் பல்லும்மா. இவளுக்கு இவ பல்லுதான் அளவு."

"முளைக்காத பல்லுக்கு அளவா? ஜோசியமா பாக்குறீக?" என்று அத்தை பொரிந்தாள்.

கணக்கு கொஞ்சம் முன்னேபின்னே ஆகலாம், பெரும்பாலும் சரியாக வரும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தை பக்கம் திரும்பினாள்.

"பிடுங்க வேணாம் மதினி. கம்பியே வைக்கட்டும்."

அப்புறம் முறுக்கு கிடையாது, கடலைமிட்டாய் கிடையாது. தினமும் பல் விளக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறக்கச் சொல்வாள். அத்தையும் விடுவாளா? வரும்போதெல்லாம் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்து, "பாக்கத்தான போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பன்னிரண்டு வயதில் கடைசிப் பல்லும் வந்து சேர்ந்தது. அடேயப்பா, என்ன வரிசை! முன்னால் நின்ற நான்கும்கூட நகர்ந்து நேராகியிருந்தன. நேராக அத்தை வீட்டுக்கு ஓடி, "ஈ" என்று காட்டினேன். அத்தை வெளிச்சம் அடித்து அந்தக் கோடிமுதல் இந்தக் கோடிவரை பார்த்தாள்.

"ம்... வந்துருச்சு."

அத்தை வாயிலிருந்து அந்த 'ம்' வருவது லேசில்லை. தெருவில் குதித்துக்கொண்டு ஜெயிச்சுட்டேன், ஜெயிச்சுட்டேன் என்று கத்தினேன்.

பின்னாலேயே வந்த அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பல் முளைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கல்யாணமாகி வந்த நாள்முதல் அத்தையிடம் அவள் வேணாம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று எனக்குத் தெரியாது. கோணலாக முளைத்திருந்தால் அதற்கு ஆயுசுக்கும் பேச்சு வாங்கியிருக்க வேண்டியவள் யார் என்பதும் தெரியாது. ஜெயித்தது என் பல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.