முழு வாக்கியம்

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயிலில், என்னிடம் பேச்சுத் தெரபிக்கு வரும் பதினான்கு வயதுப் பெண்ணையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். ஆட்டிசம். இரண்டு வருடமாக ஒற்றைச் சொல்லுக்கு மேல் வராத பெண்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், முழுசா பேசுறா மேடம். நீங்க சொன்ன மாதிரியே ஊட்ல நாங்க பேசிக்கினே இருந்தோம். கேட்டத அப்டியே சொல்றா."

"எங்க, சொல்லு கண்ணு" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு ஆணின் அலுத்த குரலில், ஏற்ற இறக்கம்கூடத் தப்பாமல் சொன்னாள்: "இது எப்ப சாவுதோ, அப்பதான் நமக்கு நிம்மதி."

எதிர் சீட்டுக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவங்க நைனா மாதிரியே சொல்றா பாருங்க" என்றார் அம்மா, சிரிப்பு மாறாமல்.

"இதுன்னா யாரும்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள். அப்படித் தன்னைத் தொட்டுக் காட்ட ஆறு மாதம் பழக்கியவள் நான்.

பொன்னேரியில் இறங்கும்போது அம்மா கேட்டார்: "இன்னும் நெறைய பேச வெக்க இன்னா பண்ணணும் மேடம்?"

'வீட்டில் நிறையப் பேசுங்கள்' என்பதுதான் என் கைவசம் இருந்த அறிவுரை. அதைத்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டார்களே. வேறு யோசனை இருந்தால் கமெண்டில் போடுங்கள்.