பின்சக்கரத்துச் சத்தமும் நான் திரும்பப் பெற்ற சாட்சியும்

அன்பானவர்களே, இந்தச் சாட்சியை நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சொன்னது பிழை. அந்தப் பிழையையும் சேர்த்தே சொல்கிறேன். அதை மறைத்தால், ஆண்டவர் செய்ததில் பாதியை மறைத்தவனாவேன்.

1971, ஐப்பசி. இரும்புலியூரில் குடியிருந்தோம். மகள் பிரேமாவுக்கு ஒன்பது வயது. இளம்பிள்ளை வாதம் அவள் இடது காலைச் சூம்ப வைத்திருந்தது. சனிக்கிழமைதோறும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி. பஸ்ஸின் முதல் படியே அவளுக்கு மலை. அதற்காகத்தான் ஒரு பழைய கார் வாங்கினோம்.

மழை தொடங்குவதற்கு முன்பே சத்தம் தொடங்கிவிட்டது. சக்கரப் பக்கமிருந்து ஒரு கர்ர்ர். சில நேரம் யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல. சில நேரம் மணலை அரைப்பது போல. வரும், போகும். இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். நட்டுகளை முறுக்கினார்கள். பிரேக்கைப் பிரித்துப் பூட்டினார்கள். சக்கர மூடிக்குள் கல் கிடக்கிறதா என்று உலுக்கிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லையே சார்" என்றார்கள். அவர்கள் எதிரில் அது வாயே திறக்காது.

எனக்குத் தூக்கம் போயிற்று. வண்டி நின்றால் பயிற்சி நிற்கும். பயிற்சி நின்றால் அந்தக் கால் மடங்கியபடியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டி ஓடினாலோ, எதன்மேல் என் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை திரும்பி வருகையில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஒரு கூட்ஸ் போயிற்று. ஒரு பாசஞ்சர். மறுபடி ஒரு கூட்ஸ். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கேட்டேன்: "ஆண்டவரே, இந்தச் சத்தத்தை எடுத்துப்போடும்." கேட் திறந்தது. வண்டி நகர்ந்தது. சத்தமில்லை. வீடு வரைக்கும் இல்லை. மறுநாள் ஆராதனையில் எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொன்னேன். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது.

புதன்கிழமை சத்தம் திரும்பி வந்தது.

யாரிடம் சொல்வேன்? ஆண்டவருடைய பெயர் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெடப்போவது என் பெயர்தான் என்பது உள்ளுக்குள் தெரியாமலில்லை. ஒர்க்‌ஷாப் பக்கமே போகவில்லை. மூன்று சனிக்கிழமை அப்படியே ஓட்டினேன். சத்தம் எழும்போதெல்லாம் கீர்த்தனை பாடினேன். அது உரக்கக் கத்தினால் நானும் உரக்கப் பாடினேன். பின் சீட்டிலிருந்து பிரேமாவும் கூடப் பாடினாள்.

மூன்றாவது சனிக்கிழமை, வீட்டு வாசலில் என் மனைவி எஸ்தர் காரைவிட்டு இறங்கவில்லை. மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க பாட ஆரம்பிச்சாலே இப்ப எனக்கு பயமா இருக்குங்க" என்றாள்.

அன்று வேறு விதமாக ஜெபித்தேன். சத்தத்தை எடுத்துப்போடும் என்று கேட்கவில்லை. அது என்னவென்று காட்டும் என்றேன். கேட்டு முடிப்பதற்குள், முதலில் நான் செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது.

மறுநாள் சபையில் எழுந்தேன். "மூன்று வாரத்துக்கு முன் நான் சொன்ன சாட்சியைத் திரும்பப் பெறுகிறேன். சத்தம் போகவில்லை" என்றேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். தெருமுனை வீட்டு அற்புதம் அக்கா.

"எங்களுக்குத் தெரியும் தம்பி."

சபை சிரித்தது. போதகரும் சிரித்தார். நானும்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள்! "நீங்க சாட்சி சொல்லிட்டீங்க. அப்புறம் நாங்க எப்படி வாயத் தொறக்கிறது?" என்றார் அக்கா. "நீங்க கோயிலுக்கு வரும்போது எங்க முனையில இடது பக்கம் திரும்புறீங்க, அப்பதான் கத்துது. போகும்போது வலது பக்கம் திரும்புறீங்க, கப்சிப். மூணு வாரமா ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

பிரேமா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என் சீட்டுக்குக் கீழதான்ப்பா. கைய வச்சா கூசும்."

அவள் உட்காருவது வலது பின்பக்கம்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா சாட்சி சொன்னீங்களே."

அன்பானவர்களே, என்னை யாரும் அதைவிடக் கடுமையாகக் கண்டித்ததில்லை.

திங்கட்கிழமை, தாம்பரத்து மெக்கானிக் பாஷா பாயிடம் இவ்வளவையும் சொன்னேன். "இடது பக்கம் ஒடிச்சா பாரம் வலது பக்கம் சாயும் சார். அந்தம்மா கரீட்டா சொல்லிகீது. முன்னாடி பாத்தவனுங்க முன்சக்கரத்தையே நோண்டிகினு இருந்திருப்பானுங்க" என்றார். ஜாக்கி போட்டு வலது பின்சக்கரத்தைத் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ஆடும் பல்லைப் போல ஆடியது. உள்ளிருந்து எடுத்த பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். குண்டுகளில் இரண்டு உடைந்திருந்தன. மற்றவை சூட்டில் நீலம் பாரித்திருந்தன.

"ஆனா அன்னிக்கு கேட்ல சத்தம் நின்னுச்சே பாய்?"

"சூடு ஆறினா செத்த நேரம் சும்மா இருக்கும் சார். இன்னொரு தபா பட்டணம் போயிருந்தா சக்கரம் முன்னால ஓடியிருக்கும், நீங்க பின்னால போயிருப்பீங்க. அல்லா காப்பாத்தினான்."

"ஆமென்" என்றேன். பாய் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார்.

சத்தத்தை எடுத்துப்போடும் என்று நான் கெஞ்சினேன். அவர் எடுக்கவில்லை. அதற்காகவே தினமும் நன்றி சொல்கிறேன். என் பிள்ளையைக் காக்க அவர் வைத்திருந்த காவல்காரனை நானல்லவா துரத்தப் பார்த்தேன்! கேட்டதைக் கொடுக்காமல், கேட்க வேண்டியதைக் கேட்க வைத்து, ஜன்னலோரம் நின்ற ஒரு அக்கா வாயாலும், பிள்ளையின் கை வழியாகவும், பாயின் விரல் வழியாகவும் பதில் தந்தார்.

பிரேமாவின் கால் இன்னும் சரியாகவில்லை. அதையும் சபையில் சொல்லியிருக்கிறேன். இரும்புப் பட்டை கட்டி நடக்கிறாள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று கரகரத்துக்கொண்டிருக்கலாம். அதை மூடிப் பாடாதீர்கள். அவரிடம் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். பயப்படாதீர்கள், அவர் கோபிக்கமாட்டார்.

இப்போதும் சனிக்கிழமை வண்டி தெருவில் நகர்ந்ததும், சத்தம் ஏதும் உண்டா என்று பின் சீட்டில் கேட்கிறேன். பிரேமா சீட்டுக்கடியில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"ஒண்ணும் இல்லப்பா."

"நிஜமா?"

"நிஜமாத்தான்ப்பா. இப்ப பாடுங்க."