மேசையில் கிடந்த ஒப்ஃபர்

சென்ற வாரம் மலிவுக் கடையில், பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் பூப் போட்ட பிளாஸ்டிக் மண்டையோடுகளை அடுக்கியிருந்தார்கள். எனக்கு என்னவோ அந்தோனி அண்ணையின் வெங்காயப் பொரியல் மணத்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஜெர்மனியின் ஹம் நகரில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறையில் நாங்கள் இருவர். மன்னார்க் கத்தோலிக்கரான அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சிறுவர் புத்தகம் வாசித்தால் ஜெர்மன் வரும் என்று மொழி வகுப்பு ஆசிரியை சொல்ல, நூலகத்தில் எடுத்தது ஒரு மெக்சிகோ துப்பறியும் கதை. தாள் மடங்கினால் விசாவை நீட்டிக்க மாட்டார்களோ என்று கை கழுவித்தான் தொடுவேன். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்துப் பயம் அப்படி.

கதையில், கிராமத்துக் கலைஞர் செய்த வண்ணக் களிமண் பொம்மை ஒன்று களவு போகிறது. அக்காவும் தம்பியும் தேடுகிறார்கள். சுவரெல்லாம் ஓவியம், தெருவுக்குக் குறுக்கே வெட்டுக் கடதாசிச் சோடனை, கடைகளில் பூப் போட்ட மண்டையோடுகள். நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அண்ணை வெங்காயம் உரித்தபடி கேட்பார்.

ஒருநாள் 'மேசையில் ஒப்ஃபர்' என்று வந்தது. என் அகதி வழக்குக் கடிதங்களில் பழகிய ஜெர்மன் சொல். பலியானவர் என்று அர்த்தம்.

"ஐயோ அண்ணை, மேசையில பிணம் கிடக்குது!"

"சின்னப் பிள்ளையளின்ர புத்தகத்திலயோ? வடிவாப் பார்."

"ஓம், பக்கத்தில பாணும் தோடம்பழமும் கிடக்குது."

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "விசரா, இஞ்ச பூசையில ஞாயிறு ஞாயிறா உந்தச் சொல்லைத்தானே சொல்லுறாங்கள். காணிக்கையும் ஒப்ஃபர்தான்ரா! செத்த ஆக்களுக்குப் படைச்சிருக்கினம்." பிறகு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட ஊரிலயும் செத்த ஆக்களின்ர நாளண்டைக்குச் சேமக்காலையில, கல்லறை கல்லறையா மெழுகுதிரி கொளுத்துவம்" என்றார்.

அம்மாவின் செத்தவீட்டுக்குப் போக முடியாமற்போனவன் நான். அன்று எங்கள் மேசையிலும் ஒரு தோடம்பழம் வைத்தோம். அண்ணை அதன் பக்கத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

கடைசி அத்தியாயம் மிச்சமிருக்க, அவருக்குக் கனடா விசா வந்துவிட்டது, மனைவி அங்கே. போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று எனக்கு ஒரே பதற்றம். அவரோ சாமான் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு தனியாகத்தான் வாசித்து முடித்தேன். கள்ளன் யாரென்று தெரிந்தபோது அறையில் சொல்ல ஆளில்லை. தொலைபேசிக் கடைக்கு ஓடி, கூண்டுக்குள் நின்று கனடாவுக்கு எடுத்தேன்.

"அண்ணை, கள்ளன் ஆரெண்டு தெரியுமே?"

"சொல்லாதை! கோடைக்கு வாறன், நீயே வாசிச்சுக் காட்டு."

வரவில்லை. அடுத்த வருடம் அந்த எண்ணில் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். தொலைபேசிக் கடை இன்று நகம் பூசும் கடை. நாங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். நூலகத்தில் அந்தப் புத்தகமும் இல்லை. கள்ளனின் பெயர் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை இங்கேயும் எழுதாமல்தான் விடுகிறேன். அண்ணை எங்காவது இருந்து இதை வாசித்துவிட்டால்?