நெரிஸ் அக்கா தட்டாத கதவு

நெரிஸ் அக்கா உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. கோப்பையோடு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். நடுவில் யாரையாவது திட்டுவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்த உடம்பு என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நான் சொல்கிறேன், அவள் காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டது கட்சிதான்.

வேல்ஸின் சுரங்கப் பகுதியான ரோண்டாவில் எங்கள் தெருப் பிள்ளைகள் பிறக்கும்போதே சிவப்புக் கட்சிக்காரர்கள். சுரங்க வேலைநிறுத்தத்தின்போது கட்சி மண்டபத்தில் சூப் காய்ச்சி ஊருக்கே ஊற்றியவள் அவள். வேல்ஸுக்கென்று தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று முதல் முறை ஓட்டுக் கேட்டபோது, எங்கள் வட்டாரத் தலைவர்கள் "வேண்டவே வேண்டாம், நாடு உடையும்" என்றார்கள். இளம்பெண் நெரிஸ் ஒரு கதவு விடாமல் தட்டி வேண்டாம் என்றாள். வருடங்கள் போய் அதே கட்சி "வேண்டும்" என்றது. அதே கதவுகளைத் தட்டி வேண்டும் என்றாள்.

பஸ் மெக்கானிக்கான அவள் தம்பி இத்வாலுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, உனக்குன்னு சொந்தமா ஒரு கருத்து இருக்கா, இல்ல அதையும் கட்சி ஆபீஸ்லேர்ந்து பார்சல்ல அனுப்புறாங்களா?"

"போடா! தனியா நின்னு நீ என்னத்தக் கிழிச்சே?"

அவனும் கட்சிக்காரன்தான். ஆனால் மன்றம் போதாது, வேல்ஸ் தனி நாடாகவே ஆக வேண்டும் என்று பேசத் தொடங்கினான். அந்த நாளில் எங்கள் கட்சியில் அப்படிப் பேசுவது, தேவாலயத்தில் சாராய பாட்டிலைத் திறந்த மாதிரி. ஒரு தேர்தலில் பச்சைச் சுவரொட்டி ஒன்றைத் தன் ஜன்னலில் ஒட்டியும் விட்டான். தனி நாடு கேட்கும் கட்சியின் சுவரொட்டி அது. அடுத்த கட்சி வேட்பாளருக்கு ஆதரவு காட்டியவன் நம் கட்சியில் இருக்க முடியாது என்பது விதி. அவனை நீக்கக் கூட்டம் கூடியது. முதலில் கை தூக்க ஒருவருக்கும் துணிவில்லை. கிளைச் செயலாளர் நெரிஸ் தூக்கினாள். மற்றக் கைகள் பின்னாலேயே எழுந்தன.

இத்வால் நாற்காலியை ஒழுங்காக மேசைக்கடியில் தள்ளிவிட்டு, வாசலில் நின்று சொன்னான்: "இனிமே என் வீட்டுக் கதவைத் தட்டாதே."

அவன் இருப்பது எங்கள் தெருவிலேயே, பதினான்காம் எண். அதன்பின் ஒவ்வொரு தேர்தலிலும் அக்கா பன்னிரண்டைத் தட்டிவிட்டு நேரே பதினாறுக்குப் போவாள். ரொட்டிக் கடையில் எதிரெதிரே நின்றாலும் இருவரும் கடைக்காரனிடம்தான் பேசுவார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல்.

கோவிட்டுக்குப் பிறகு காற்று திசை மாறியது. தனி நாடு கேட்டு இளசுகள் கொடியோடு ஊர்வலம் போனார்கள், ஆயிரக்கணக்கில். எங்கள் புது வேட்பாளர் ப்ராஸர் மண்டபத்தில் எழுந்து பல்லைக் காட்டினார். "தனி நாட்டைப் பத்திப் பேசினா என்ன தப்பு? நான் ஆதரிக்கல, எதிர்க்கவும் இல்ல. தெரிஞ்சுக்க ஆசைப்படுறேன், அவ்வளவுதான்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அன்று இத்வாலுக்கு எதிராக எழுந்த அதே கைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா எழுந்துபோய், யாரும் குடிக்காத கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"நேத்து வரைக்கும் குத்தம். இன்னிக்கு ஆசையாம், ஆசை! அப்போ என் தம்பிய நான் எதுக்குடா வெளியே தள்ளினேன்?"

நான் துணியை எடுத்துத் துடைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஓட்டுக் கேட்கப் போனோம். எங்கள் வழக்கம், ஒருவர் வாக்காளர் பட்டியல் செருகிய அட்டையும் பேனாவுமாக நடைபாதையில் நிற்பார். கதவைத் தட்டியவர் பேசி முடித்ததும் "நமக்கு!" என்றோ "அவங்களுக்கு!" என்றோ கத்துவார். தெருவுக்கே கேட்கும். அன்று அட்டை ப்ராஸர் கையில். அக்கா பதினான்கைத் தாண்டியதும் அவர் நின்றார்.

"இது உங்க தம்பி வீடுதானே? அவர் சொன்னதைத்தானே இப்ப நாமளும் பேசுறோம்? நீங்க தட்டுனா ஓட்டு நிச்சயம்."

அறைந்துவிடுவாளோ என்று பயந்தேன். தூறலில் முன்னும் பின்னுமாக நடந்தாள். கோட்டில் குத்திய கட்சியின் சிவப்புப் பூவைத் திருகினாள். பிறகு விறுவிறுவென்று போய்த் தட்டினாள்.

இத்வால் திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்தான்.

"யாருக்காக வந்தே? அவருக்கா, எனக்கா?"

ஆயிரம் வாசலில் பதில் சொன்ன வாய் திக்கியது. "அவர்தான் தட்டச் சொன்னார். ஆனா நான்... நெடுநாளாவே..."

"அவர் சொல்லலேன்னா தட்டியிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அது வரவில்லை. தலை குனிந்தாள்.

அவன் கதவை ஓசைப்படாமல் சாத்தினான். ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"நமக்கா, அவங்களுக்கா?" நடைபாதையிலிருந்து ப்ராஸர் கத்தினார்.

அக்கா ஈரப் படிக்கட்டில், நல்ல கோட்டோடு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் தம்பி வீடு!" தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "அத எழுதிக்கோ!"

ப்ராஸர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மீதி வீடுகளை முடித்துத் திரும்பியபோது மழை வலுத்திருந்தது. கதவு திறந்திருக்கவில்லை. அக்கா எழுந்திருக்கவும் இல்லை.